உடையாத சாமான்கள்

பிப்ரவரி 5, திங்கள்

இந்த நோட்டை எழுதச் சொன்னது ஹெப்சி மேடம். குடும்ப ஆலோசனை மையத்தில் இருக்கிறார். கிழிக்க முடியாதபடி ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்திருக்கிறார். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். என் பேர் ஐகோர்ட்ராஜா. எங்கள் குலசாமியின் பேர். கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். மேடம் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர் சொல்வதைக் கேட்கலாம் என்று தோன்றியது.

தூத்துக்குடியில் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மனைவி சந்தனமாரி. மகள் அனுசியா, வீட்டில் பாப்பா, நாலாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் மாரி என்மேல் போலீசில் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் இங்கே அனுப்பினார்கள். நான் குடிப்பதில்லை, சீட்டு விளையாடுவதில்லை, சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுக்கிறேன். கோபம் மட்டும் வரும். கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஜனவரியில் வீட்டில் என்னென்ன உடைந்தது என்று மேடம் கேட்டார். மாரி பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். ஹேங்கர் நாலு, மக்கு ரெண்டு, ஸ்டூல் ஒன்று, குப்பை அள்ளும் முறம் ஒன்று, பாப்பாவின் ஸ்கேல். எல்லாம் பிளாஸ்டிக்.

"எதுல பட்டு உடைஞ்சது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"செவத்துல" என்றேன். மாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னையிலேருந்து அறுபது நாள். உங்க வீட்ல ஒரு பொருள்கூட உடையக் கூடாது. உடைஞ்சா சந்தனமாரியும் பொண்ணும் அவங்க தம்பி வீட்டுக்குப் போயிடுவாங்க. நான் தடுக்க மாட்டேன். புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. மச்சினன் வேல்மயில் விளாத்திகுளத்தில் எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கிறான். பாப்பாவை அங்கே அனுப்பிவிட்டு இந்த வீட்டில் நான் என்ன செய்வேன்? ஏப்ரல் நாலாம் தேதி அறுபது நாள் முடியும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என்ன தரம் இந்தச் சாமான்கள்? மக்கில் வெந்நீர் ஊற்றினால் நெளிகிறது. முறத்தின் பிடி இரண்டே மாதத்தில் பிய்கிறது. ஸ்டூலில் என் அளவு ஆள் ஏறி ஒரு பல்பு மாற்ற முடியாது. தொட்டால் உடைகிற சாமானை வீடு பூராவும் நிறைத்து வைத்துக்கொண்டு உடைக்காதே என்றால் எப்படி? உடைகிற சாமான் வீட்டில் இருக்கவே கூடாது. அவ்வளவுதான்.

யார்டில் உடைந்த பேலட்டுகள் குவிந்து கிடக்கின்றன. சரக்குப் பெட்டிகளை அடுக்கித் தூக்குவதற்கு அடியில் வைக்கிற மரச் சட்டங்கள். சூப்பர்வைசரிடம் கேட்டேன். "அடுப்பெரிக்கவாடே? அள்ளிட்டுப் போ" என்றார்.

பிப்ரவரி 8, வியாழன்

சாயங்காலம் வீட்டு வளவுக்குப் பின்னால் வைத்துப் பேலட்டுகளைப் பிரித்தேன். கடப்பாரையை இரண்டு சட்டத்துக்கு நடுவில் விட்டு நெம்பினால் ஆணி அலறிக்கொண்டு வருகிறது. வராததைச் சம்மட்டியால் அடித்தேன். சிலாம்பு தெறித்துக் கன்னத்தைக் கீறியது. நிறுத்தத் தோன்றவில்லை. ஒரு மணி நேரம் அடித்திருப்பேன். உடம்பெல்லாம் வேர்த்து, நெஞ்சு லேசாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் பாப்பா படியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள்.

"ஒண்ணுமில்லட்டி, மரத்தைத்தான் அடிக்கேன்" என்றேன்.

உள்ளே ஓடிவிட்டாள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஸ்டூல் முடிந்தது. நாலு கால், நடுவில் குறுக்குச் சட்டம், மேலே மூன்று பலகை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். நான் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆசாரியிடம் கொடுத்திருந்தால்கூட இதைவிட ஒழுங்காக வந்திருக்காது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்.

மாரி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

"என்னா கனம்" என்றாள்.

"கனம் இருந்தாத்தான் காலத்துக்கும் கெடக்கும்."

"பழைய மாதிரி பிளாஸ்டிக்லயே ஒண்ணு வாங்கிருக்கலாமேங்க."

"ஏன், இதுக்கு என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல" என்றவள் முதுகைத் தடவிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். இந்த ஜென்மத்தில் அவளிடமிருந்து ஒரு நல்ல வார்த்தை வாங்க முடியாது.

பிப்ரவரி 12, திங்கள்

ஒன்றும் உடையவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஒன்றும் உடையவில்லை. மக்குக்குப் பதிலாகப் பலகையில் ஒரு சின்னப் பெட்டி செய்து தண்ணீர் மோந்தேன். நாலு மூலையிலும் ஒழுகிவிட்டது. பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆகிறது என்று அப்போதுதான் தோன்றியது. அப்புறம் பெரிய தேங்காய்ச் சிரட்டை ஒன்றைத் தேய்த்து, மரப்பிடி போட்டுக் கொடுத்தேன். பழைய மக்கு எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள் மாரி. தெரியாது என்றாள் பாப்பாவும்.

பிப்ரவரி 15, வியாழன்

ஆறு ஹேங்கர். விரல் தடிமனுக்கு அறுத்து, முனையை உருட்டி, கம்பி முறுக்கி மாட்டினேன். யார்டு சட்டையைத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கவிட்டாலும் வளையாது.

பிப்ரவரி 17, சனி

டிரெய்லர் டிரைவர் ஒருவன் பார்க்காமல் பின்னால் எடுத்து என் ஃபோர்க்லிஃப்டை இடித்தான். இறங்கிக் கேட்டதற்கு என் அம்மாவை இழுத்துப் பேசினான். ஒரே குத்து. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. இன்னொன்று கொடுத்தேன். அதற்குள் நாலு பேர் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று நாள் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். மாரி துணி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இந்நேரத்துக்கு வந்துட்டிய? திரும்பவும் சண்டையா?"

அந்தத் 'திரும்பவும்' தேவையில்லை.

வீட்டில் ஒன்றும் உடையவில்லை. மாரிக்கு வலது கையில் கொஞ்சம் வீக்கம். கதவில் இடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாரியால் கையைத் தூக்க முடியவில்லை. பாப்பாவுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி வந்தது. ரிப்பன் கட்டும்போது கேட்டாள்:

"அப்பா, மேடம் கேட்டா நானும் கதவுன்னு சொல்லணுமா?"

ரிப்பனை இழுத்து முடிச்சுப் போட்டேன். இந்தப் பக்கத்தை எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதிவிட்டேன், எண் போட்டிருக்கிறது, கிழிக்க முடியாது. நாலு வரி மேலே கறுப்பு மை வைத்து அடித்துவிடலாம் என்றால் அதற்கும் கேட்பார்கள். பிள்ளைகள் எதையாவது உளறும். மேடம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

மேடம் நோட்டை வரிவிடாமல் படித்தார். மாரி நீளக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள்.

"கதவா சந்தனமாரி?"

"கதவுதான் மேடம்."

"வீட்ல ஏதாவது உடைஞ்சதா?"

"ஒண்ணும் ஒடயல."

போனில் எடுத்து வைத்திருந்த போட்டோக்களைக் காட்டினேன். ஸ்டூல், சிரட்டை, ஹேங்கர், புதிதாகச் செய்த குப்பை முறம். மேடம் ஒவ்வொன்றையும் விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"இதையெல்லாம் எதுக்குச் செஞ்சீங்க?"

"இது ஒடையாதுல்லா மேடம்."

போனைத் திருப்பிக் கொடுத்தார். "நான் சொன்னதை நீங்க சாமானோட நிறுத்திக்கிட்டீங்க ராஜா" என்றார். பிறகு மாரியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினார். ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார் போலிருக்கிறது, மாரி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் மற்றவர்களுக்கு என்ன ரகசியம்? அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பதினாறு நாள் ஓடிவிட்டது, அதுதான் முக்கியம். வரும் வழியில், கூட வந்திருந்த பாப்பாவுக்கு மக்ரூன் வாங்கினேன். பொட்டலத்தைப் பிரிக்காமலே மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பிப்ரவரி 27, செவ்வாய்

வேலையிலிருந்து வந்தால் வீட்டு நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல். தெருவில் மைக் கட்டி விற்றுக்கொண்டு வந்தவனிடம் மாரி வாங்கியிருக்கிறாள். மக்கும் இரண்டு மூன்று வாங்கினாளாம், ஒன்றையும் காணவில்லை.

"நான் செஞ்ச ஸ்டூல் என்னாச்சி?"

"இருக்குங்க, பின்னால கெடக்கு. இதும் இருக்கட்டும்."

"எதுக்கு? இது ஒடையும்."

"ஆமா. ஒடையும்லா, அதுக்குத்தான் வாங்குனேன்" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

பைத்தியக்காரி. நான் அவளையும் பிள்ளையையும் இங்கேயே வைத்துக்கொள்ள உடையாத சாமானாகத் தேடித் தேடிச் செய்கிறேன், அவள் உடைகிறது என்று தெரிந்தே வாங்கிக்கொண்டு வருகிறாள். தம்பி வீட்டுக்குப் போக வழி பார்க்கிறாள் என்பதைத் தவிர இதற்கு என்ன அர்த்தம்? ரம்பத்தை எடுத்து ஸ்டூலின் நாலு காலையும் அவள் கண்ணெதிரேயே அறுத்தேன். உடைக்கவில்லை, அறுத்தேன். அப்புறம் அவள் தலைமுடியைப் பிடித்து, குனிந்து பார் என்று காட்டினேன். பார்த்தாள். சத்தம் போடவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

பக்கத்து வீட்டு லூர்து அக்கா குழாயடியில் என்னை நிறுத்தினார். எங்கள் வளவில் மூன்று வீடு, மூன்றுக்கும் ஒரே குழாய். அவர் வீட்டுச் சுவரும் எங்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான்.

"தம்பி, நான் சொல்லுதேன்னு கோவப்படாத. முன்னெல்லாம் ஒரு சத்தத்தோட முடிஞ்சிரும். டமார்னு ஒண்ணு கேக்கும், அப்புறம் அமைதியாயிரும். இப்ப முடியவே மாட்டேங்கு. நான் ஜெபமாலைய எடுத்தா ஒரு சுத்து முடிஞ்சபெறவும் கேக்கு."

"ஒங்க சோலிய நீங்க பாருங்கக்கா."

"அந்தப் பிள்ளை பாவம்டா."

அவருடைய குடத்தை எத்தினேன். பிளாஸ்டிக் குடம்தான். வாய் பிளந்து தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போனது. அது எங்கள் வீட்டுச் சாமான் இல்லை. கணக்கில் வராது.

மார்ச் 5, செவ்வாய்

ஹெப்சி மேடம் லீவு. அவர் இடத்தில் இருந்தவர் ஒன்றும் உடையவில்லையே என்று கேட்டு, குட் என்று சொல்லி டிக் போட்டார்.

மார்ச் 9, சனி

பாப்பாவுக்கு மர ஸ்கேல் செய்தேன். முப்பது சென்டிமீட்டருக்கும் கோடு கீறி, எண்ணைப் பேனாவால் எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. இடுப்பு ஒடிந்துவிட்டது. நல்லா இருக்குப்பா என்று பையில் வைத்துக்கொண்டாள்.

மார்ச் 12, செவ்வாய்

அந்த ஸ்கேல் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. பாப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். நான் கையைக்கூட ஓங்கவில்லை, அதற்குள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"ஏம்ட்டி அங்கன போட்ட?"

"அது பட்டா வலிக்கும்பா."

"யாரு அத வச்சி ஒன்ன அடிச்சா?"

"யாரும் இல்ல. இன்னும் இல்ல."

இவளை நான் இதுவரை தொட்டதில்லை. குலசாமி மேல் சத்தியமாகத் தொட்டதில்லை. அந்த 'இன்னும்' என்ற வார்த்தையை இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மாரிதான். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன். தட்டு எவர்சில்வர், உடையாது.

மார்ச் 18, திங்கள்

எழுத முடியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

நேற்று முன்தினம் நடந்ததை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, நாற்பத்திரண்டாவது நாள்.

காலையில் மீன் வாங்கப் போனேன். சாளை மலிவாகக் கிடைத்தது, சந்தோஷமாகத்தான் வந்தேன். வாசலில் நுழையும்போதே வீட்டுக்குப் பின்னால் வெட்டுகிற சத்தம். போய்ப் பார்த்தால் மாரி நான் செய்த ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டு, அரிவாளால் அதன் காலை வெட்டிக்கொண்டிருக்கிறாள். இன்னும் வீக்கம் இறங்காத வலது கையால் வெட்ட முடியாமல் இடது கையால் வெட்டுகிறாள். பத்து வெட்டு விழுந்திருக்கும், ஒரு விரல் ஆழம்கூட இறங்கவில்லை. மரம் அவ்வளவு கெட்டி. என்னைப் பார்த்ததும் அரிவாளைத் தூர எறிந்தாள். என்மேல் ஓங்கியிருக்கலாம், ஓங்கவில்லை. நான் அதை எடுத்துவிடக் கூடாது என்றுதான் எறிந்தாள். அதுவும் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

"அடுப்புல வைக்கப் போறேங்க. இந்த வீட்ல இது வேண்டாம்" என்றாள்.

மீன் பை கையிலிருந்து எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. ஸ்டூலை ஒரு காலைப் பிடித்துத் தூக்கினேன். முதல் அடி தோளில். அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள், இரண்டாவது கையில். கீழே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது முதுகில். எனக்குள் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டே அடித்தேன். என்ன எதிர்பார்த்தேன் என்று அப்போது தெரியாது. அது வரவில்லை, அதனால் மறுபடி ஓங்கினேன். நாலு, ஐந்து. அவள் வாயிலிருந்து வந்த சத்தம் என் காதில் விழத்தான் செய்தது. விழுந்தும் என் கை நிற்கவில்லை. ஸ்டூல் கெட்டியாக, இப்போதுதான் செய்து முடித்ததுபோல், என் கையில் இருந்தது.

அப்போதுதான் டமார் என்று கேட்டது.

கை நின்றது. திரும்பிப் பார்த்தேன். பாப்பா பின்வாசலில் நின்றிருந்தாள். அவள் காலடியில் ஒரு பிளாஸ்டிக் மக்கு உடைந்து கிடந்தது. அதைத் தரையில் கவிழ்த்து வைத்து, இரண்டு காலாலும் குதித்து மிதித்திருக்கிறாள். குதிகாலில் ரத்தம். அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் ஸ்டூலைக் கீழே வைத்தேன்.

லூர்து அக்கா ஆட்டோ பிடித்தார். நானும் ஏறினேன், யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பையன்தான், என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். எப்படி ஆனது என்று மாரியிடம் கேட்டார். கதவு என்பாள், மாடிப்படி என்பாள் என்று நான் காத்திருந்தேன். என் பயத்தை மறைக்காமல் சொல்கிறேன், அவள் வலியைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் அடிச்சாரு" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எதால அடிச்சீங்க?"

"ஸ்டூலு."

"பிளாஸ்டிக் ஸ்டூலா?"

"இல்ல சார். மரம். நானே செஞ்சது."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நர்ஸும் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது. தோள்பட்டையில் ஒன்று. கட்டுப் போடும்போது மாரி பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"பிளாஸ்டிக்குன்னா ஒடஞ்சிரும். ஒடஞ்சிட்டுன்னா நீங்க நின்னுருவிய. எட்டு வருசமா அப்படித்தான" என்றாள். "ஒடஞ்ச ஒடனே கையப் பாப்பிய, துண்டப் பாப்பிய, அப்படியே வெளிய போயிருவிய. அதனாலதான் நான் உசுரோட இருக்கேன். ஒவ்வொண்ணா நீங்க மரத்துல செய்யச் செய்ய எனக்கு எப்படி இருந்திருக்கும்? எத்தன தடவ வேண்டாம்னு சொன்னேன்."

சொல்லியிருக்கிறாள். இந்த நோட்டிலேயே இருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன்.

மார்ச் 20, புதன்

வேல்மயில் வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனான். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இனிமே ஒங்கள அத்தான்னு கூப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னான். பாப்பா காலில் கட்டோடு அவன் இடுப்பில் இருந்தாள். அந்த வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் தூக்குவதில்லை.

போலீசில் கூப்பிட்டு எழுதி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி வர வேண்டும், ஹெப்சி மேடமும் இருப்பார், நோட்டைக் கொண்டுவா என்றார்கள். என் பெரியக்கா போனில் பேசினாள். மாரியிடம் பேசிவிட்டாளாம், பிள்ளைக்காகச் சேர்த்து வைத்துவிடலாம், புருஷன் பெண்டாட்டி என்றால் இருக்கத்தான் செய்யும், மாரியும் முடியாது என்று சொல்லவில்லை என்கிறாள். என் மனசு ஒரு நிமிடம் குதித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மார்ச் 21, வியாழன்

மேடம், இது உங்களுக்கு. பிப்ரவரி பதினேழாம் தேதி கதவு என்று எழுதியது பொய். ஹேங்கரால் அடித்தேன், ஏழெட்டு அடி. முதல் நாள் உங்களிடம் சுவர் என்று சொன்னதும் பொய். ஜனவரியில் உடைந்த நாலு ஹேங்கர், இரண்டு மக்கு, ஸ்டூல், முறம், பாப்பாவின் ஸ்கேல் எல்லாம் மாரி மேல் பட்டுத்தான் உடைந்தன. தானாக எதுவும் உடையவில்லை. நான்தான் அடித்தேன். நான் இந்த நோட்டில் எழுதாத நாட்களும் உண்டு. எத்தனை என்று மாரிக்குத்தான் தெரியும், அவளிடம் கேளுங்கள்.

இன்று காலையில் லூர்து அக்கா வீட்டு வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டேன். அன்றைக்கு பாப்பா ஏன் அந்த மக்கை உடைத்தாள் என்று. கோபத்தில் உடைத்தாளா, பயத்தில் உடைத்தாளா என்று எனக்குத் தெரியவில்லை, நாலு நாளாக அதுதான் மண்டைக்குள் ஓடியது. அக்கா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார்.

"கோவமும் இல்ல, பயமும் இல்ல. அவ அம்மா சொல்லிக் குடுத்தது. 'அப்பா நிக்கலன்னா கிட்ட வராத, எதையாவது எடுத்து ஒடை, சத்தம் கேட்டா நின்னுருவாரு'ன்னு. நீ மரத்துல செய்ய ஆரம்பிச்ச பெறகு சொல்லிக் குடுத்தா. இங்கன எங்க வீட்டு முத்தத்துல வச்சி அந்தப் பிள்ள குதிச்சிப் பழகுச்சி தம்பி. மொதல்ல ஒடயல. செருப்பு போட்டாச் சத்தம் வராதுன்னு வெறுங்காலால மிதிச்சிப் பழகுச்சி."

கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்குள் வந்து பாப்பாவின் கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பழைய ஸ்கூல் பை ஒன்று சுவரோரம் தள்ளி வைத்திருந்தது. திறந்தேன். உள்ளே இன்னும் இரண்டு மக்கு இருந்தன, ஒன்று பச்சை, ஒன்று நீலம். புதுசு, கடை ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. இன்னும் இரண்டு தடவைக்கு என் பிள்ளை எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அழுததைச் சொல்லி உங்களிடம் ஒன்றும் கேட்கப் போவதில்லை. நாளைக்கு என் அக்கா வருவாள், சமாதானம் பேசுவாள், நன்றாகப் பேசக்கூடியவள். மாரி பிள்ளையின் படிப்பை நினைத்துச் சரி என்று சொன்னாலும் சொல்லிவிடுவாள். நானும் உங்கள் எதிரில் நின்றால் இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் செய்வேன், எனக்கு என்னைத் தெரியும், அந்த நேரத்தில் அதை நம்பவும் செய்வேன். அதனால்தான் இன்றைக்கே எழுதி வைக்கிறேன். மேடம், அவர்களே வருகிறேன் என்றாலும் என்னோடு அனுப்பாதீர்கள்.